மலையேறிய பீரோ

காலம் கடந்துபோன எதையும் தமிழில் 'மலையேறிவிட்டது' என்போம். எங்கள் வீட்டில் அது வெறும் பேச்சு வழக்கு இல்லை. கோயம்புத்தூரில் பெரியம்மா புதிதாக ஒரு சாமான் வாங்கினால், பழையது காந்திபுரத்தில் பஸ் கூரை மேல் ஏறும். தடாகம், மாங்கரை தாண்டி, வளைவுகளில் கயிறு நெரிய முப்பது கிலோமீட்டர் வந்து, ஆனைகட்டியில் அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சியின் டீக்கடை முன்னால் இறங்கும். "மலைக்கு அனுப்பி உடு" என்று பெரியம்மா சொன்னால், அந்தப் பொருளுக்குக் கோவையில் வேலை முடிந்தது என்று அர்த்தம். மடக்கு நாற்காலிகள் அப்படித்தான் வந்தன. ரசம் போன நிலைக்கண்ணாடி வந்தது. ஒரு கால் குட்டையான டீப்பாய் வந்தது. ரேடியோ வைத்திருந்த ஸ்டாண்டு வந்தது. ரேடியோ மட்டும் கடைசிவரை வரவில்லை.

ஆனைகட்டி இரண்டு மாநிலத்திலும் இருக்கிறது. நடுவில் கொடுங்கரைப் பள்ளம், அதன் மேல் பாலம். கிழக்கே தமிழ்நாடு, மேற்கே கேரளத்தின் அட்டப்பாடி. எங்கள் கடையும் வீடும் மேற்குப் பக்கம். பள்ளத்துத் தண்ணீர் பவானியில் சேர்ந்து கிழக்கே போகும், பெரியம்மாவின் சாமான்கள் கிழக்கிலிருந்து மேற்கே ஏறும். "குடுக்கல் வாங்கல் சரியாத்தான் இருக்குது" என்பார் அப்புச்சி.

வந்த சாமான் எதுவும் வந்த நிறத்தில் ஒரு வருஷம்கூட இருந்ததில்லை. புது நிறத்தை யாரும் யோசித்துத் தேர்ந்தெடுத்ததும் இல்லை. மிச்சம்தான் தேர்ந்தெடுத்தது. கடைக் கதவுக்கு நீலம் அடித்த வருஷம், டப்பாவின் அடியில் கிடந்ததை வைத்து நாற்காலிகளும் நீலமாயின. லாரிக்கு பெயிண்ட் அடிக்கும் ஒருவர் டீக்கடனைக் கழிக்க அரை டப்பா சிவப்பைக் கொடுத்தார். அந்த வருஷம் டீப்பாய், ஸ்டாண்டு, தண்ணீர்ப் பானை வைக்கும் முக்காலி எல்லாம் சிவப்பு. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பூச வாங்கிய பச்சை ஒவ்வொரு தை மாதமும் கொஞ்சம் மிஞ்சும். கொம்புக்கு எவ்வளவு வேண்டும்? மிச்சமெல்லாம் வீட்டுக்குள் வந்துவிடும். அட்டப்பாடியின் கிழக்கு ஓரம் மழை மறைவுப் பகுதி. மேற்கே கொட்டித் தீர்க்கிற மழை எங்களிடம் வரும்போது காற்றும் தூறலுமாக மெலிந்திருக்கும். ஆகவே மண்ணும் மரமும் வருஷத்தில் பாதி நாள் ஒரே பழுப்பு. வெளியே இல்லாத நிறமெல்லாம் எங்கள் வீட்டுக்குள் இருந்தது.

எந்த டப்பாவில் எது மிஞ்சினாலும் கல்லாப்பெட்டிக்கு ஒரு பூச்சு உண்டு. அது அப்புச்சியின் கணக்கு. பெட்டியின் மூலையை நகத்தால் சுரண்டினால் கீழே நீலம், அதற்கும் கீழே சிவப்பு, மறுபடி ஒரு பச்சை. சில்லறைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் எல்லோரும் சுரண்டியிருக்கிறோம்.

காலி டப்பாக்களையும் அவர் விடவில்லை. அவரைக்கொட்டை, ஆணி, ஊக்கு என்று ஒவ்வொன்றிலும் ஏதாவது இருக்கும். ஏசியன் பெயிண்ட்ஸ் டப்பாவில் நெற்றியில் மயிர் விழ, கையில் பெயிண்ட் சொட்டும் பிரஷோடு ஒரு பொடியன் நிற்பான். அவன் பெயர் கட்டு என்பதும், 1954-இல் அவனை வரைந்தவர் ஆர்.கே. லட்சுமண் என்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். சின்ன வயதில் நான் அவனை அவரைக்கொட்டைக் கம்பெனிக்காரன் என்றே நினைத்திருந்தேன்.

பீரோ வந்தது 1989-இல். பஸ் கூரைக்கு அது ஆகாது. தடாகத்திலிருந்து அகளிக்குச் செங்கல் கொண்டுபோன லாரியில், கல்லுக்கு மேலே படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். திறந்து பார்த்தால் நான்கு தட்டிலும் செங்கல் தூள். தடாகத்துச் செங்கல் சூளைகள் 2021-இல் மூடப்பட்டுவிட்டன. பீரோவின் அடித்தட்டு இடுக்கில் இன்றைக்கும் அந்தத் தூள் இருக்கும். பெரியம்மா வீட்டில் பாலேட்டு நிறத்தில் இருந்த பீரோ, எங்கள் வீட்டில் இரண்டு பொங்கலுக்குள் பச்சையாகிவிட்டது. ஆஸ்பத்திரிச் சுவரில் பாதி உயரத்துக்கு அடிப்பார்களே, அந்தப் பச்சை. முன்பக்கம் மட்டும் இரண்டு கோட்டு. பக்கவாட்டில் ஒன்று. பின்பக்கம் சுவரைப் பார்த்துத்தானே நிற்கிறது என்று விட்டுவிட்டார்.

எனக்கு அந்தப் பச்சை பிடிக்காது. கல்யாணமாகி கோவைக்குப் போன பிறகு, விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அதைப் பார்த்ததும் மருந்து வாசனை அடிப்பதுபோல் இருக்கும். அப்புச்சி போய், கடையையும் மூடி, அம்மா மட்டும் அந்த வீட்டில் இருந்த காலம். ஒவ்வொரு தடவையும் "இதை மாத்தோணும்மா" என்பேன். "அதுக்கென்ன கேடு, கதவு சாத்துதல்ல?" என்பாள்.

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை, ஆறு வயது மகனோடு இரண்டு நாள் தங்கலாம் என்று வந்தேன். செவ்வாய்க்கிழமை இரவு ஊரடங்கு அறிவித்தார்கள். பாலத்தில் தடுப்பு வைத்துவிட்டார்கள். அந்தப் பக்கம் கடை, இந்தப் பக்கம் வீடு என்று இருந்தவர்களெல்லாம் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் மூன்று மாதமாயிற்று.

முதல் வாரம் வீட்டைச் சுத்தம் செய்தோம். இரண்டாம் வாரம் அட்டாலியில் ஏறினேன். பெயிண்ட் டப்பாக்கள் பதினொன்று இருந்தன. உளியால் மூடியை நெம்பித் திறந்தால் மேலே பாலாடைபோல் ஏடு. சிலதில் ஏடு மட்டும்தான், கீழே கல். எனாமல் வெறுமனே காய்கிற சரக்கு இல்லை. தின்னர் பறந்துபோன பிறகு காற்றிலிருந்து பிராணவாயுவை வாங்கிக்கொண்டு இறுகுகிறது. டப்பாவுக்குள் அடைபட்ட கொஞ்சக் காற்றே மேல்ஏட்டை இறுக்கிவிடும். ஆகவேதான் விவரமான பெயின்டர்கள் மூடியை இறுக்கி, டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார்கள். ஏடு அடியில் போய் நிற்கும். அப்புச்சி மூன்றை மட்டும் கவிழ்த்து வைத்திருந்தார். அந்த மூன்றும் உயிரோடு இருந்தன. பழைய வேட்டித் துணியில் வடிகட்டினால் ஒன்று கறுப்பு, ஒன்று அலுமினிய வெள்ளி, மூன்றாவது, வேறென்ன, பச்சை.

கறுப்பில் நாற்காலிகளின் இரும்புக் கால்களை முடித்தேன். நன்றாகவே வந்தது. அந்தத் தைரியத்தில்தான் டீப்பாய் கெட்டது. போனில் பார்த்த வீடியோக்களில் வெள்ளைக்காரப் பெண்கள் பழைய மேஜைகளுக்குச் 'சாக் பெயிண்ட்' அடித்துக்கொண்டிருந்தார்கள். அன்னி ஸ்லோன் என்ற பிரிட்டிஷ் பெண்மணி 1990-இல் கொண்டுவந்த சரக்கு அது. தேய்க்க வேண்டாம், பிரைமர் வேண்டாம், அப்படியே அடிக்கலாம், காய்ந்தால் சுண்ணாம்புச் சுவர் மாதிரி பளபளப்பில்லாமல் இருக்கும். வீட்டிலேயே செய்துகொள்ளச் சுவர் எமல்ஷனில் சுண்ணாம்புக்கல் மாவைக் கலக்கச் சொன்னாள் ஒருத்தி. எங்களிடம் அரை டப்பா எமல்ஷனும் ஒரு படி கோலமாவும் இருந்தன. அடித்ததும் பார்க்க அத்தனை அழகு. மறுநாள் காலை அம்மா சூடான காப்பி டம்ளரை வைத்தாள், எடுத்தாள். டம்ளரோடு ஒரு வட்டமும் போய்விட்டது. மேலே மெழுகு தேய்த்து மூட வேண்டும் என்பதை வீடியோவின் கடைசி நிமிஷத்தில்தான் சொல்கிறார்கள்.

"கோலத்த வாசல்ல போடோணும்" என்றாள் அம்மா. அந்த வாரம் முழுக்க அதையே சொன்னாள்.

பீரோவில் கை வைத்தது ஏப்ரலில். செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அட்டாலியில் கிடைத்த உப்புத்தாளை எடுத்து, கூடத்தில் வைத்தே, காய்ந்தபடியே தேய்த்தேன். இரண்டு நாள். பச்சைத் தூள் சீரகம் பொடித்தமாதிரி தரையெல்லாம் படிந்தது. மகன் அதில் விரலால் யானை வரைந்தான். அழகாக இருந்ததென்று போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். கோவையில் நர்சாக இருக்கும் என் நாத்தனார் உடனே கூப்பிட்டாள். "அண்ணி, மொதல்ல பையன வெளிய தூக்குங்க. அது எந்தக் காலத்துப் பெயிண்டு?"

பழைய எனாமல்களில் ஈயம் இருந்தது. மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களுக்கு ஈயக் குரோமேட்டை அள்ளிப் போடுவார்கள். சீக்கிரம் காய்வதற்குச் சேர்க்கிற மருந்திலும் ஈயம். வீட்டு உபயோகப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர் 1-ஆம் தேதிதான். அதற்கு முன் வாங்கிய டப்பாவில் என்ன இருந்தது என்பதற்கு யார் ஜவாப்தாரி? சுவரிலோ பீரோவிலோ ஒட்டிக்கொண்டிருக்கும்வரை அதனால் பெரிதாகத் தொந்தரவில்லை. உரிந்தால், தூளானால், குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போனால் மூளைக்குக் கெடுதல். விளக்குமாற்றால் பெருக்கக்கூடக் கூடாது, காற்றில் எழும்பும். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, தூளைக் கவரில் கட்டி, அந்தத் துணியையும் அதிலேயே போட்டு முடித்தோம். மகனை இரண்டு தடவை தேய்த்துக் குளிக்க வைத்தேன். ஊரடங்கு தளர்ந்த பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் அந்த மூன்று மாதமும் அவன் தலைவலி என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பச்சை யானைதான் நினைவுக்கு வரும்.

பிறகு எங்கள் தெருக்கோடி ஆசாரியிடம் யோசனை கேட்டேன். அப்புச்சி கடைக்குப் பெஞ்சு போட்டுக் கொடுத்தவர். முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே மாட்டிக்கொண்டு வந்து பீரோவைச் சுற்றிப் பார்த்தார்.

"எதுக்கு அம்மணி தோலை உரிக்கறீங்க? துரு இருக்கற எடத்துல மட்டும் இரும்பு தெரியட்டும். மத்த எடத்துல பளபளப்பு செத்தாப் போதும். பெயிண்டு சாக வேண்டாம்."

வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, வாசலில் வைத்து, ஈரத்தோடு தேய்க்கச் சொன்னார். தூள் எழும்பாது, சேறாக வழியும். இரும்பில் தண்ணீர் பட்டால் அன்று மாலையே துரு பூக்கும், அதனால் துடைத்து வெயிலில் காட்டி அன்றைக்கே ரெட் ஆக்ஸைடு அடித்துவிட வேண்டும். அவரிடமே அரை டப்பா ரெட் ஆக்ஸைடு இருந்தது. அதன் சிவப்பு வேறொன்றுமில்லை, இரும்பு ஆக்ஸைடுதான். தடாகத்து மண்ணையும் செங்கல்லையும் சிவப்பாக்குவதும் அதே சங்கதிதான். பிரைமர் அடித்து முடித்ததும் பீரோ பெரிய செங்கல்போல் வாசலில் நின்றது.

போகும்போது ஆசாரியின் கண் கல்லாப்பெட்டியில் விழுந்தது. நான் மூலையில் கொஞ்சம் சுரண்டி மரத்தைப் பார்த்து வைத்திருந்தேன். குனிந்து முகர்ந்துவிட்டு, "தேக்கு" என்றார். "தேக்குக்கு எனாமல் அடிக்கறது கருப்பட்டி மேல சீனி தூவற மாதிரி. இதைச் சுத்தமா உரிச்சு, அரக்கு பாலிஷ் போட்டுக் குடுக்கறேன். மொகம் பாத்துக்கலாம்."

எனக்கும் அன்றைக்கு அது சரியென்றே பட்டது. இப்போது யோசித்தால் அவ்வளவு சரியில்லை. மரத்தைக் காட்டுவதுதான் மரியாதை, பெயிண்ட் அடிப்பது அறியாமை என்பது மரத்தைத் துடைத்து வைக்க ஆள் இருக்கிற வீட்டுப் பேச்சு. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு மேல் சூடான டீ கொட்டினால் வெள்ளையாகப் பூத்துவிடும். நாளைக்கு நூறு பேர் எச்சில் விரலால் தொட்ட பெட்டி அது. எனாமல்தான் அதை முப்பது நாற்பது வருஷம் கரையானுக்கும் டீக்கும் கொடுக்காமல் வைத்திருந்தது.

சரி, பீரோவுக்கு என்ன நிறம்? எனக்குச் சாம்பல் கலந்த நீலம் வேண்டும். பத்திரிகைகளில் பார்த்தது, மனசில் ரொம்ப நாளாக இருந்தது. போனில் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தாள். "கரண்ட் ஆபீசுப் பீரோ மாதிரி இருக்குது." அவ்வளவுதான், அதற்கப்புறம் அந்த நிறத்தை என்னாலும் வேறு மாதிரி பார்க்க முடியவில்லை.

"உனக்கு என்ன நெறம்மா வேணும்?" என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. எழுபது வயதில் அவளிடம் அந்தக் கேள்வியை யாரும் சாமானைக் காட்டிக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. புடவைக் கடையில் கேட்பார்கள். அங்கே அவள் தடுமாறவே மாட்டாள். அரக்கு, வாடாமல்லி, மயில்கழுத்து, கிளிப்பச்சை, வெங்காயச் சருகு, எம்.எஸ். நீலம் என்று இருபது முப்பது நிறம் விரல்நுனியில் இருக்கும். ஒரே பச்சையில் எத்தனை பச்சை என்று கடைக்காரரோடு சண்டை போடுவாள். அந்த அறிவெல்லாம் உடம்பில் கட்டுவதோடு நின்றுவிட்டது. வீட்டின் நிறம் ஆண்களின் டப்பாவிலிருந்து வந்தது.

சாயங்காலம் ஒரு கந்தல் புடவையோடு வந்தாள். இழை இழையாகப் போய்விட்ட பட்டு. அதன் ஓரத்தில் உள்ளங்கை அளவு கிழித்துக் கொடுத்தாள். மாந்துளிர். மாமரம் புதிதாகத் துளிர்க்கும்போது செம்பும் ரோஜாவும் பழுப்புமாக இருக்குமே, அது.

"இது பீரோவுக்கு நல்லா இருக்குமா?"

"கேட்டியல்ல?"

மே மாதம் கடைகளைக் கொஞ்சம் திறந்தார்கள். பாலம் திறக்கவில்லை. ஆனால் காய்கறி வண்டி போய் வந்தது. அந்தப் பட்டுத் துண்டு ஒரு தக்காளி டெம்போவில் மலையிறங்கி துடியலூருக்குப் போயிற்று. தம்பி அதைப் பெயிண்ட் கடையில் கொடுத்துவிட்டு எனக்குப் போன் போட்டான். கடைக்காரர் நிற அட்டையின் எல்லாப் பக்கத்திலும் துண்டை வைத்துப் பார்த்துவிட்டாராம். எதுவும் ஒட்டவில்லை. "ஒரு பக்கம் பாத்தா பழுப்பு, இன்னொரு பக்கம் பாத்தா ரோஸ், எதைங்க கலக்கறது?" என்று கேட்கிறாராம். பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், திருப்பினால் மாறத்தான் செய்யும். டப்பாவில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. அம்மா போனை வாங்கி, "வெயில்ல வெச்சுப் பாக்கச் சொல்லு கண்ணு, அந்த நெறம்" என்றாள்.

எத்தனை வாங்குவது என்று அடுத்த வாக்குவாதம். ஒரு லிட்டர் எனாமல் ஒரு கோட்டுக்கு நூறு சதுர அடியாவது ஓடும். ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம். முன்பக்கம், பக்கவாட்டு, தலை எல்லாம் சேர்த்து நாற்பத்தைந்து சதுர அடிக்கும் குறைவு. இரண்டு கோட்டு என்றாலும் ஒரு லிட்டர் தாராளம். பேப்பரில் போட்டுக் காட்டினேன். அம்மா கணக்கைப் பார்க்கவே இல்லை. "ரெண்டு லிட்டர் வாங்கச் சொல்லு."

பெயிண்ட் அதே வண்டியில் வந்தது. மூடியில் பூசிய பொட்டை அம்மா வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் கோட்டு காற்றில்லாத காலையில் அடித்தோம். இரண்டாவது நாள் பகலில் வேறு வேலை வந்து, சாயங்காலம் நாலரைக்குத்தான் ஆரம்பிக்க முடிந்தது. அது தப்பு. தொட்டால் ஒட்டாத பதம் வரவே எனாமலுக்கு ஐந்தாறு மணி நேரம் வேண்டும். இரவு வாசலிலேயே நிற்கட்டும் என்றிருந்தோம். ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டுச் சேட்டன் டார்ச்சோடு ஓடி வந்தார். "சேச்சி, ஆன எறங்கிட்டுண்டு. நம்ம வாழைக்குத்தான் வருது. பீரோவ உள்ள எடுக்கணும்." யானைக்குப் பீரோ எதற்கு என்று கேட்க நேரமில்லை. ஆனைகட்டி என்ற பெயரைச் சும்மா வைக்கவில்லை. வருஷா வருஷம் யார் வீட்டுச் சுவராவது சாயும். அவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஈரப் பெயிண்டோடு உள்ளே தூக்கினோம். வெளியே எங்கேயோ பட்டாசு வெடித்தார்கள். நாய்கள் குரைத்து ஓய்ந்தன. அவர் கையை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டு போனார். காலையில் பார்த்தால் இடப்பக்கத் தகட்டில் அவருடைய நான்கு விரல், தெளிவாக, ரேகையோடு.

தேய்த்து இன்னொரு கோட்டு அடிக்கலாம் என்று உப்புத்தாளை எடுத்தேன். "சொவரப் பாத்த பக்கம்தான, உடு" என்றாள் அம்மா. அப்புச்சியின் மகள்.

ஜூன் கடைசியில் பாஸ் கிடைத்துக் கோவைக்குத் திரும்பினேன். கிளம்பும்போது பீரோ முன்னால் ஒரு நிமிஷம் நின்றேன். காலை வெயிலில் துளிர் மாதிரிதான் இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் கொஞ்சம் வெந்த பீட்ரூட் மாதிரி. அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

தீபாவளிக்கு மறுபடி வந்தபோது வாசல் கேட்டிலேயே தெரிந்துவிட்டது. கேட்டின் மேல்கம்பி மாந்துளிர். கோழிக்கூடு மாந்துளிர். டீப்பாயில் கோலமாவைச் சுரண்டிவிட்டு, மேலே மாந்துளிர். எலிப்பொறிகூடத் தப்பவில்லை. ஆசாரி பாலிஷ் போடத் தேதி சொல்லியிருந்த கல்லாப்பெட்டியும், நான் சுரண்டிய மூலை உட்பட, பளபளவென்று மாந்துளிரில் இருந்தது. எட்டாவது பூச்சோ ஒன்பதாவதோ.

"ஆசாரி வந்து பாத்தாரா?"

"வந்தாரு. தலையில அடிச்சுட்டுப் போனாரு."

அன்று மத்தியானம் பெரியம்மா போன் செய்தார். மகன் வீட்டில் கிரானைட் போட்ட புது டைனிங் டேபிள் வாங்குகிறார்களாம். பழையது ஆறு நாற்காலியோடு சும்மா கிடக்கிறதாம். கால் ஒன்று ஆடுகிறது, மற்றபடி நல்ல சரக்கு, அனுப்பட்டுமா என்று கேட்டார். அம்மா "இருங்கக்கா" என்று போனைக் கட்டிலில் வைத்தாள். அட்டாலியில் தலைகீழாகக் கவிழ்த்திருந்த டப்பாவை எட்டி எடுத்து, காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தாள்.